தேனீக்களுக்குப் பெட்டியை விட இடம் முக்கியம்: அப்பார்ட்மென்ட்டும் பள்ளியும் என்ன செய்யலாம்?

பெங்களூரு, ஹைதராபாத், புனே என எந்த ஊர் அப்பார்ட்மென்ட்டில் இருந்தாலும் இந்த வாட்ஸ்அப் மெசேஜ் ஒரு முறையாவது வந்திருக்கும். ஏழாவது மாடி பால்கனிக்கு அடியில் தொங்கும் பெரிய தேன்கூட்டின் போட்டோ. அதன் கீழே, 'குழந்தைங்க விளையாடுற இடம், உடனே ஏதாவது பண்ணுங்க' என்று ஒரு வரி. அடுத்த நாள் மாலை பூச்சிமருந்து அடிக்கும் ஆள் வருகிறார். மறுநாள் காலை தரை முழுக்கச் செத்த தேனீக்கள். கூட்டி அள்ளினால் விஷயம் முடிந்தது.

அந்தக் கூட்டில் இருந்தவை பல ஆயிரம் மலைத்தேனீக்கள். பெரும்பாலும் அவை சில மாதம் மட்டுமே அங்கே தங்கும். பூக்கும் பருவம் முடிந்ததும் தானாகவே கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுத்திருந்தால் யாருக்கும் செலவே இல்லை.

இன்னொரு பக்கம், 'தேனீக்களைக் காப்பாற்றுவோம்' என்று சொல்லி மொட்டை மாடியில் தேன் பெட்டி வாங்கி வைக்கும் ஆர்வமும் நகரங்களில் கூடியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் நாட்டின் மகரந்தச் சேர்க்கையாளர்களில் பெரும்பாலானவை பெட்டியில் வாழ்பவை கிடையாது. அவற்றுக்கு வேண்டியது கொஞ்சம் வெறும் மண், கொஞ்சம் காய்ந்த மரம், மருந்தடிக்காத பூ. இதையெல்லாம் 'சுத்தம் பண்றோம்' என்ற பெயரில் நாம்தான் நீக்கிக்கொண்டிருக்கிறோம். இதை மாற்ற குடியிருப்புகளும் பள்ளிகளும் என்ன செய்யலாம்? கேள்வி பதிலாகப் பார்ப்போம்.

மகரந்தச் சேர்க்கை குறைஞ்சா நம்ம தட்டுல என்ன குறையும்?

பூவின் ஆண் பாகத்தில் இருக்கும் மகரந்தத்தூள், பெண் பாகத்தின் சூல்முடியில் போய்ச் சேர்ந்தால்தான் காயும் விதையும் உருவாகும். நெல், கோதுமை மாதிரியான தானியங்களுக்கு இதில் பூச்சிகளின் உதவி தேவையில்லை. அதனால் 'தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனித இனமும் அழிந்துவிடும்' என்று ஐன்ஸ்டைன் பெயரில் சுற்றும் வாசகத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமும் இல்லை.

சோறு கிடைக்கும். தொட்டுக்கொள்ள என்ன கிடைக்கும் என்பதுதான் பிரச்னை. பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, வெள்ளரி, கத்தரி, முருங்கை, மாம்பழம், கடுகு, எள், சூரியகாந்தி, ஏலக்காய் எல்லாமே கூடவோ குறையவோ பூச்சிகளை நம்பி இருப்பவை. காலையில் குடிக்கும் ஃபில்டர் காபியும் இந்தப் பட்டியலில் உண்டு. ரோபஸ்டா காபிச் செடி தன் சொந்த மகரந்தத்தால் காய்க்காது, வேறொரு செடியின் மகரந்தம் வர வேண்டும். குடகுத் தோட்டங்களில் கோடை மழைக்குப் பிறகு சில நாட்கள் மட்டுமே பூத்திருக்கும் அந்த வெள்ளைப் பூக்களில் மலைத்தேனீயும் இந்தியத் தேனீயும் கொசுத்தேனீயும் வேலை பார்க்கின்றன.

ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழுவான ஐ.பி.பி.இ.எஸ். 2016-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 சதவீதத்துக்கு மேல் ஓரளவாவது விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்திருக்கின்றன. எடை அளவில் பார்த்தால் உலகப் பயிர் விளைச்சலில் சுமார் 35 சதவீதம் இப்படிப்பட்ட பயிர்களில் இருந்து வருகிறது. வைட்டமின்களும் நுண்சத்துகளும் அதிகம் இருப்பதும் இந்தக் காய்கனிகளில்தான்.

இந்தியாவிலும் எச்சரிக்கை மணி ஒலித்திருக்கிறது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் பார்த்திப பாசு தலைமையிலான ஆய்வாளர்கள், பூச்சிகளைச் சார்ந்த காய்கறிகளின் ஹெக்டேர் விளைச்சலையும் சாராத பயிர்களின் விளைச்சலையும் பல பத்தாண்டு புள்ளிவிவரங்களை வைத்து ஒப்பிட்டார்கள். சாராத பயிர்களின் விளைச்சல் ஏறிக்கொண்டே இருக்க, சார்ந்த பயிர்களின் விளைச்சல் 1990-களுக்குப் பிறகு அதே வேகத்தில் ஏறவில்லை என்று 2010-ல் தெரிவித்தார்கள். உரமும் தண்ணீரும் கொடுத்தும் காய் கூடவில்லை என்றால், பூவுக்கு வர வேண்டிய ஆள் வரவில்லையோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

தேனீன்னா ஒரே ஒரு பூச்சிதானே?

இல்லை. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 700-க்கும் மேல். இவற்றில் நாம் தேன் எடுப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

பெரிய கட்டடங்களிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காகக் கட்டுவது இந்தியத் தேனீ. புதரின் கிளையில் உள்ளங்கை அளவு கூடு கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் ஓட்டையில் பிசின் குழாய் மாதிரி ஒரு வாசல் வைத்து வாழும் குட்டிப்பூச்சிதான் கொசுத்தேனீ. அதற்குக் கொட்டத் தெரியாது.

மீதி இருப்பவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ராணி கிடையாது, படை கிடையாது, தேன் சேமிப்பும் கிடையாது. ஒரு பெண் தேனீ தானே குழி தோண்டி, மகரந்த உருண்டை வைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். காக்க வேண்டிய பெரிய கூடு இல்லாததால் இவை மனிதர்களைக் கொட்டுவது அபூர்வம். உலகத் தேனீ இனங்களில் சுமார் 70 சதவீதம் இப்படி மண்ணுக்குள் கூடு கட்டுபவை.

கத்தரிப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மகரந்தப் பை, நுனியில் சின்ன ஓட்டை மட்டும் உள்ள உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் தூள் கொட்டும். நீலப்பட்டைத் தேனீயும், நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சன் தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிர வைக்கும். 'ர்ர்ர்' என்ற சத்தத்தோடு தூள் கொட்டும். தக்காளிப் பூவிலும் இதே கதைதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டு. புடலங்காய்ப் பூ இரவில் விரியும், அந்திப்பூச்சிகள் வரும். இலுப்பைப் பூவுக்கு வௌவால் வரும். மாம்பூவுக்கு நாம் விரட்டியடிக்கும் ஈக்கள் முக்கியம். ஆல், அரசு, அத்தி மரங்களில் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே உரிய சிறு குளவி இனம் இருக்கிறது. இதோடு தேன்சிட்டு, வண்ணத்துப்பூச்சி, பொறிவண்டு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படை.

மொட்டை மாடியில ரெண்டு தேன் பெட்டி வெச்சா போதாதா?

தேன் வேண்டும் என்றால் வைக்கலாம். நாட்டுப் பூச்சிகளைக் காப்பதற்காக என்றால், அது காட்டுப் பறவைகளைக் காக்கக் கோழி வளர்ப்பதைப் போன்றது.

பெட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ வெளிநாட்டு இனம். 1960-களின் தொடக்கத்தில் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள நக்ரோட்டா பக்வானில் அதை இங்கே நிலைநிறுத்தினார்கள். தேன் தொழிலுக்கு அதன் பங்கு பெரிது. ஆனால் பூக்கள் குறைவான இடத்தில் ஆயிரக்கணக்கான வளர்ப்புத் தேனீக்களை இறக்கினால் அங்கே இருக்கும் நாட்டுத் தேனீக்களுக்குச் சாப்பாடு குறையும், நோயும் தொற்றலாம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. பெட்டியில் வளரும் நம் இந்தியத் தேனீக்கும் நோய் ஆபத்து உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் பரவி, தென்னிந்தியாவில் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. ஒரே இனத்தை நம்பி இருப்பதில் உள்ள சிக்கலை அந்தச் சம்பவம் காட்டியது.

அரசின் கவனமும் தேன் பக்கம்தான் அதிகம். 2020-ல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. தேனீ வளர்ப்போருக்கு அது தேவையான திட்டம். தேனே தராத நூற்றுக்கணக்கான இனங்களுக்கு அப்படி ஒரு பட்ஜெட் கிடையாது. அவை வாழும் மண்ணும் புதரும் உங்கள் காம்பவுண்டுக்குள், பள்ளி மைதானத்தின் ஓரத்தில், ஏரிக்கரையில்தான் இருக்கின்றன. அந்தப் பொறுப்பு நம்மிடம் வருவதும் அதனால்தான்.

நகரத்துல அதுங்களுக்கு அப்படி என்ன கஷ்டம்?

பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர் கீதா திம்மேகவுடாவும் அவரது குழுவினரும், நகரின் காற்று மாசு வேறுபடும் இடங்களில் பூவுக்கு வந்த மலைத்தேனீக்களைப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2020-ல் வெளியான முடிவு இது: நடுத்தர, அதிக மாசு உள்ள இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்துபோயின. நாம் சிக்னலில் சுவாசிக்கும் அதே காற்றுதான்.

இரண்டாவது, மருந்து. நியோநிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் செடியின் உடம்பு முழுக்கப் பரவி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்து சேரும். இவற்றில் இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமெத்தாக்ஸம் ஆகிய மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. நம் ஊர் நர்சரிகளிலும் உரக்கடைகளிலும் இமிடாகுளோபிரிட் இன்னும் சாதாரணமாகக் கிடைக்கிறது. ரோஜாத் தொட்டிக்கு 'ஒரு மூடி' ஊற்றுபவர்கள் பலருக்கு அது என்னவென்றே தெரியாது.

மூன்றாவது, நம் அழகுணர்ச்சி. காரைப் போட்ட தரை, கொரியன் புல்வெளி, ஒரே மாதிரி வெட்டிய குரோட்டன்ஸ் வேலி. பார்க்கப் பச்சையாக இருக்கும். ஒரு தேனீயின் கண்ணில் அது பாலைவனம்.

நாலாவது ஒன்று யாரும் எதிர்பார்க்காதது: பேப்பர் கப். தமிழ்நாட்டில் ஐந்து காபிக் கடைகளைக் கவனித்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, தூக்கிப் போட்ட கப்புகளில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்காக வந்து 30 நாட்களில் 25,211 தேனீக்கள் செத்ததாகக் கணக்கிட்டது. ஒரு கடைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 168.

சரி, பால்கனியில கூடு கட்டிடுச்சு. என்ன பண்ணணும்?

முதலில் எந்தத் தேனீ என்று பாருங்கள். கொசுத்தேனீ என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். கொம்புத்தேனீக் கூடு சின்னது, சீண்டாமல் இருந்தால் தொல்லை இல்லை. கவனம் தேவைப்படுவது மலைத்தேனீக்கு.

மலைத்தேனீ சும்மா வந்து கொட்டுவதில்லை. கல் எறிவது, பட்டாசு, புகை, ட்ரோன், பருந்து தாக்குவது போன்றவைதான் அதைக் கிளப்பும். ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வாசனை பரவும், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும். அதனால்தான் கூட்டமாகத் துரத்துகின்றன.

கூடு ஆள் நடமாட்டத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் அப்படியே விடலாம். அந்த பால்கனிக் கதவை மூடி வைக்கலாம். இரவில் அந்தப் பக்க விளக்குகளை அணைத்துவிடுவது முக்கியம். மலைத்தேனீ வெளிச்சத்துக்கு ஈர்க்கப்பட்டு வீட்டுக்குள் வந்து விழும், பெரும்பாலான புகார்கள் அதிலிருந்துதான் வருகின்றன. கீழே ஒரு அறிவிப்புப் பலகை வைத்து, கண்ணாடி துடைப்பவர்களுக்கும் பெயின்டர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களுக்குத்தான் நிஜமான ஆபத்து.

கூடு படிக்கட்டு, வகுப்பறை ஜன்னல், விளையாட்டுத் திடல் மாதிரியான இடத்தில் இருந்தால் அகற்றத்தான் வேண்டும். ஆனால் மருந்தடிக்காமல் அகற்றும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். புனேயைச் சேர்ந்த அமித் கோட்சே இதற்கு நல்ல உதாரணம். தான் வசித்த குடியிருப்பில் தேன்கூட்டுக்கு மருந்தடித்ததில் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததைப் பார்த்தவர், ஐடி வேலையை விட்டுவிட்டுத் தேனீக்களைக் கொல்லாமல் இடம் மாற்றுவதையே தொழிலாக்கிக்கொண்டார். புனேயில் உள்ள மத்திய தேனீ ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தையோ, உங்கள் மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையையோ கேட்டால் அருகில் இருக்கும் பயிற்சி பெற்றவர்களைப் பற்றித் தெரியவரும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கொட்டிவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, கட்டடத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதிப்பது சினிமாவில் மட்டும். கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குவது, தலைசுற்றல், நிறைய இடங்களில் கொட்டியிருப்பது இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அசோசியேஷன் மீட்டிங்ல என்ன பேசலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இந்த ஐந்தை மட்டும் அஜெண்டாவில் சேர்க்கலாம்.

1. தேன்கூடு விதிமுறை: கூடு தெரிந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் பார்த்து முடிவெடுப்பார், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது. மருந்தடிப்பது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது என்று தீர்மானம் போடலாம்.

2. தோட்ட ஒப்பந்தம்: பராமரிப்பு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் என்ன மருந்து, எப்போது, எந்தச் செடிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பூத்திருக்கும் செடிக்கு மருந்து கூடாது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

3. கொசுப் புகை: கொசுவைக் குறைக்க முதல் வேலை தேங்கிய தண்ணீரை அகற்றுவது. வாரம் ஒருநாள் மொட்டை மாடி, தொட்டித் தட்டு, லிஃப்ட் குழி எல்லாவற்றையும் பார்ப்பது புகையைவிட நன்றாக வேலை செய்யும். புகை கொசுவையும் தேனீயையும் பிரித்துப் பார்க்காது.

4. 'கை வைக்காத' மூலை: வெயில் படும் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தை வெறும் மண்ணாக, காரையும் உதிர்ந்த இலையும் மூடாமல் விடுங்கள். மண்ணில் கூடு கட்டும் தேனீக்களுக்கு அதுதான் வீடு. பட்டுப்போன கிளை, மூங்கில் கட்டு ஒன்றிரண்டு பக்கத்தில் கிடக்கட்டும், தச்சன் தேனீ வரும். உயரமான பழைய மரங்களை வெட்டாமல் வைத்திருப்பது மலைத்தேனீக்குச் செய்யும் பெரிய உதவி.

5. குப்பைத் தொட்டிக்கு மூடி: கிளப் ஹவுஸ், அலுவலக கேன்டீன், பள்ளி விழா எதுவானாலும் கழுவிப் பயன்படுத்தும் டம்ளர் நல்லது. பேப்பர் கப்தான் என்றால் தொட்டி மூடியோடு இருக்கட்டும்.

'தேனீ ஹோட்டல்' வாங்கலாமா?

ஆன்லைனில் அழகழகாக விற்கிறார்கள். ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டுகளைக் கட்டி, மழை படாமல், காலை வெயில் படும் இடத்தில் மார்பு உயரத்தில் வைத்தால் அதுவே போதும். இலைவெட்டித் தேனீ போன்றவை அதில் தங்கும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மூங்கில்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். மண்ணில் வாழ்பவைதான் அதிகம் என்பதால், ஹோட்டலைவிட மேலே சொன்ன மண் மூலைக்கு முன்னுரிமை கொடுங்கள்.

என்ன செடி வைக்கலாம்?

வருடத்தில் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. ஒரே செடியை வரிசையாக வைப்பதைவிட, பலவற்றைத் திட்டுத் திட்டாக வைப்பது நல்லது.

- தொட்டியில்: துளசி, கறிவேப்பிலை, எலுமிச்சை, இட்லிப்பூ. துளசியின் பூங்கதிரை முழுக்கக் கிள்ளிவிடாமல் கொஞ்சம் விட்டு வையுங்கள்.
- வேலியிலும் ஓரத்திலும்: நொச்சி, ஆடாதோடை, கிலுகிலுப்பை, தும்பை, எருக்கு. எருக்கைப் பார்த்தவுடன் பிடுங்காதீர்கள். தச்சன் தேனீக்கு அது விருந்து, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த இலையில்தான் வளர்கிறது.
- இடம் இருந்தால் மரம்: புங்கம், வேம்பு, நாவல், கொன்றை, புளி, முருங்கை, இலுப்பை.

வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்றால் புழுவையும் சேர்த்துத்தான் வரவேற்க வேண்டும். கறிவேப்பிலையைப் புழு சாப்பிடுகிறதே என்று மருந்தடித்தால் பூச்சி வராது. ரோஜா இலையில் கத்தரியால் வெட்டிய மாதிரி வட்ட வட்டமாகக் காணோமா? அது நோய் கிடையாது. இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்குத் தொட்டில் செய்ய எடுத்துப் போயிருக்கிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. அடுக்கடுக்கான இதழ் கொண்ட ஹைபிரிட் பூக்களில் பெரும்பாலும் மகரந்தமும் தேனும் குறைவு. மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். சாலையோரங்களில் சிவப்பாகப் பூக்கும் ஆப்பிரிக்கன் டுலிப் மரத்தைப் புதிதாக நட வேண்டாம். அதன் பூக்களில் கொசுத்தேனீ இனங்கள் செத்துக் கிடப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

பல அரசுப் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை, சூழல் மன்றம் என்று ஏற்கனவே ஓர் அமைப்பு இருக்கிறது. பசுமைப் படைத் திட்டம் 2001 முதல் இயங்குகிறது. சத்துணவுக்குப் பயன்படும் வகையில் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைக்க மத்திய கல்வி அமைச்சகம் 2019-ல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. புதிதாக எதையும் தொடங்காமல் அந்தத் தோட்டத்தையே ஆய்வுக்கூடம் ஆக்கலாம்.

ஒரு பூசணிக்கொடி போதும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் மாதிரி ஒரு உருண்டை இருக்கும். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளை மாலையிலேயே அடையாளம் பாருங்கள். ஐந்து மொட்டுகளைக் கொசுவலைத் துணியால் கட்டி மூடுங்கள். ஐந்தைத் திறந்தே விடுங்கள். இன்னும் ஐந்தை மூடி வைத்து, காலையில் மாணவர்களே ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைத் தொட்டு வைத்து மறுபடி மூடட்டும். பூ வாடியதும் துணிகளை எடுத்துவிடலாம்.

சில நாட்களில் விடை தெரியும். மூடியே இருந்த பூக்களின் உருண்டைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கையால் தொட்டவை காய்க்கத் தொடங்கும். திறந்திருந்தவற்றில் எத்தனை காய்த்தன என்பதைப் பார்த்தால், அந்தப் பள்ளி வளாகத்துக்குத் தேனீக்கள் போதுமான அளவு வருகின்றனவா என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். திறந்த பூக்களைவிடக் கையால் தொட்ட பூக்கள் அதிகமாகக் காய்த்தால், ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய இந்தச் சோதனையைத்தான் பயிர் ஆய்வாளர்களும் கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறார்கள்.

அடுத்தது கணக்கெடுப்பு. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே பூத்திட்டின் முன் பத்து நிமிடம் நின்று யார் வந்தார்கள் என்று எழுத வேண்டும். இனப்பெயர் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பெரிய தேனீ, சின்னத் தேனீ, கருவண்டு, வண்ணத்துப்பூச்சி, ஈ, குளவி என்று பிரித்தால் போதும். இரண்டு வருடம் விடாமல் எழுதினால் அந்த நோட்டு ஓர் ஆவணம். மரங்கள் எப்போது பூக்கின்றன, காய்க்கின்றன என்று வாராவாரம் பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிகள் சேரலாம். 2020 முதல் செப்டம்பரில் நடக்கும் பிக் பட்டர்ஃப்ளை மந்த்தில் பங்கேற்கலாம். போட்டோக்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் தளங்களில் ஏற்றினால் நிபுணர்கள் பெயர் கண்டுபிடித்துத் தருவார்கள், ஆய்வுக்கும் உதவும்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்குப் பூச்சிக்கடி அலர்ஜி இருக்கிறது என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு எழுதி வைக்க வேண்டும். வளாகத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, கல் எறியக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லித்தர வேண்டும்.

நம்ம காம்பவுண்டுக்கு வெளியே?

உத்தராகண்ட் வனத்துறை 2020 டிசம்பரில் ஹல்த்வானியில் நான்கு ஏக்கரில் நாட்டின் முதல் மகரந்தச் சேர்க்கையாளர் பூங்காவைத் திறந்தது. தேனீ, வண்ணத்துப்பூச்சி, அந்திப்பூச்சி, பறவை என 40-க்கு அருகில் இனங்கள் அங்கே பதிவாகின. உணவுக்கும் கூட்டுக்கும் ஏற்ற செடிகளை நட்டு, மருந்தைத் தவிர்த்தார்கள். பூங்கா வைத்திருக்கும் எந்த மாநகராட்சியும் ஒரு வார்டில் இதை முயன்று பார்க்கலாம்.

கேட்பதற்குச் சட்டமும் இடம் தருகிறது. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், அந்தப் பகுதியின் உயிரினங்களைப் பதிவு செய்யும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் இரண்டு வருட நோட்டு, அந்தப் பதிவேட்டில் சேர்க்கத் தகுந்த தகவல். சாலையோரப் புல்லைப் பூத்து முடித்த பிறகு வெட்டுங்கள், ஏரிக்கரையை முழுக்கக் காரை போடாதீர்கள் என்று மனு கொடுக்கும்போதும் அந்தக் கணக்கு கைகொடுக்கும்.

ஒரு ஆளா நான் எங்கே தொடங்கறது?

இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுத் துளசியோ, அலுவலக வாசலில் பூத்திருக்கும் புங்கமரமோ, காலை எட்டரை மணிக்கு அதன் முன் நின்று வருபவர்களை எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் யாருமே வரவில்லை என்றால், தோட்டக்காரரிடம் கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தார் என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிலோடு அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போங்கள்.